இரண்டு மணி நேரப் படத்தை நான் ஏன் விடுவதில்லை

மாப்பிள்ளை பிரபு,

போன ஞாயிறு சாப்பிட்டு எழுந்ததும் நீ கேட்ட கேள்வி இது: "மாமா, சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் ஒன்றுசேரும் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் நான்கு மணி நேரப் பதிப்பு வந்து எவ்வளவு நாளாயிற்று! உங்களுக்கும் அது பிடிக்கும். பிறகு ஏன் அந்த 2017 படத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறீர்கள்? ஒட்டுப் போட்ட இடமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அதுவும் உங்கள் கண்ணுக்கு!" அந்த நேரம் பாட்டி பாயசத்தோடு வந்ததால் தப்பித்தேன். எழுதித் தருகிறேன் என்று சொன்னது நினைவிருக்கிறது. எழுதிவிட்டேன்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்புதான் மேலான படம். அதில் உன்னோடு எனக்கு வழக்கே இல்லை. மேலான படத்தைத்தான் ஒருவன் மறுபடி மறுபடி பார்ப்பான் என்று நீ நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

"அதுவும் உங்கள் கண்ணுக்கு" என்றாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது ஆண்டுகளாக இந்தக் கண்ணை வைத்துத்தான் பிழைக்கிறேன். நடிகரைத் தொங்கவிட்ட கம்பியை அழிப்பது, பச்சைத் திரைக்கு முன்னால் நிற்கும் நாயகியின் முடியை இழை இழையாகப் பிரித்தெடுப்பது, வேறு ஊரில் எடுத்த வானத்தை அவளுக்குப் பின்னால் ஒட்டுவது, இதுதான் என் வேலை. ஒரு படத்தில் தையல் எங்கே ஓடுகிறது என்று தேடாமல் என்னால் படம் பார்க்க முடியாது. உங்கள் அத்தை இதற்காகவே என்னோடு தியேட்டருக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஆகவே குறைகளை நானே சொல்லிவிடுகிறேன். ஊரே சூப்பர்மேனின் மேலுதட்டிலிருந்துதான் தொடங்கியது, நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஸாக் ஸ்னைடர் 2016இல் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள லீவ்ஸ்டன் ஸ்டூடியோவில் படத்தின் பெரும்பகுதியை எடுத்து முடித்திருந்தார். 2017 மார்ச்சில் அவருடைய மகள் இறந்துபோனாள். மே மாதம் அவர் படத்திலிருந்து விலகினார். மீதி வேலை ஜாஸ் வீடனிடம் போயிற்று. 2012இல் ‘தி அவெஞ்சர்ஸ்’ எடுத்தவர். அவர் பல காட்சிகளைப் புதிதாக எழுதி மறுபடியும் படம் பிடித்தார். அதற்குள் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி காவில், ‘மிஷன் இம்பாசிபிள்’ வரிசையின் ஆறாவது படத்துக்காக மீசை வளர்த்துவிட்டார். அந்தப் படத்தின் நிறுவனம் மீசையை எடுக்கச் சம்மதிக்கவில்லை. மனிதர் மீசையோடே சூப்பர்மேனாக நடித்தார். மழிக்கும் வேலை கணினிக்கு வந்தது.

மீசையை அழிப்பதும் கம்பியை அழிப்பதும் ஒன்று என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கம்பிக்குப் பின்னால் இருப்பது அடுத்த ஃப்ரேமில் எப்படியும் தெரிந்துவிடும். அதை எடுத்து இங்கே பூசலாம். மீசைக்குப் பின்னால் இருக்கும் தோலை அந்தக் கேமரா ஒரு ஃப்ரேமில்கூடப் பார்த்ததில்லை. அதை இல்லாத இடத்திலிருந்து உண்டாக்க வேண்டும். அதுவும் சும்மா இருக்கும் தோல் அல்ல, பேசுகிற தோல். ‘ப’, ‘ம’ வரும்போது உதடு ஒட்டும், மூக்குக்குக் கீழே உள்ள பள்ளம் தட்டையாகும், சிரித்தால் கன்னத்துக் கோடு ஆழமாகும், மூக்கின் நிழல் அதற்கேற்ப நகரும். ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம், ஒரு நிமிடப் பேச்சுக்கு 1,440. ஒரு டிராகனை எப்படிச் செய்தாலும் டிராகனை நேரில் பார்த்தவர் வந்து குறை சொல்லப் போவதில்லை. மனித முகத்தையோ பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கே தவறு என்று சொல்லத் தெரியாதவருக்கும், ஏதோ தவறு என்பது தெரிந்துவிடும்.

மே மாதம் கைமாறிய படம் நவம்பர் 17 வெளியாக வேண்டும் என்பது மாறவே இல்லை. நான் ஒரு முறை ஒரு நடிகரின் கன்னத்திலிருந்த பருவை ஏழு ஷாட்டுகளில் அழிக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். எந்த நடிகர் என்று கேட்காதே. ஆகவே அந்த உதட்டைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எங்கோ ஒருவர் இரவு இரண்டு மணிக்கு, போதும் என்று மனம் ஒப்பாத ஷாட்டைத் தேதிக்காக அனுப்பிவிட்டு டாக்சிக்குக் காத்திருந்திருப்பார். இதில் வேடிக்கை, படம் தொடங்குவதே அந்த உதட்டில்தான். சிறுவர்கள் கைப்பேசியில் சூப்பர்மேனைப் படமெடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். கடையில் உள்ளதிலேயே கிழிந்த புடவையை முதலில் விரித்துக்காட்டுவது போல.

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு பிடிவாதமாக இருந்தது. சரியாக 120 நிமிடம். வில்லன் ஸ்டெப்பன்வுல்ஃப் பாதியில் விட்ட களிமண் பொம்மை போல இருக்கிறான். குரல் கொடுத்த கியரன் ஹைன்ட்ஸ் எவ்வளவு பெரிய நடிகர், அவரை வைத்து இப்படியா? கடைசிச் சண்டையில் வானம் முழுக்கக் குங்குமத்தைக் கொட்டியிருக்கிறார்கள். பேட்மேன் ஒரு ஷாட்டில் ஒட்டிய கன்னத்தோடும் அடுத்த ஷாட்டில் உப்பிய கன்னத்தோடும் இருக்கிறார். எது முதல் படப்பிடிப்பு, எது இரண்டாவது என்று கன்னத்தை வைத்தே சொல்லிவிடலாம். மின்னல் வேகத்தில் ஓடும் ஃபிளாஷ் தடுமாறி, வீராங்கனை வொண்டர் உமன்மீது விழும் ‘நகைச்சுவை’ ஒன்று உண்டு. அதை எழுதியவர், எடுத்தவர், வெட்டாமல் விட்டவர் மூவருக்கும் என் கண்டனம். அந்த இடத்தில் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

இரண்டு குறைகள் இப்படிச் சிரித்துக் கடக்க முடியாதவை. ஒன்று சைபோர்க். விபத்தில் செத்துப் பிழைத்து, தகப்பன் கையாலேயே பாதி இயந்திரமாக்கப்பட்ட விக்டர் ஸ்டோன். அவன் கதைதான் ஸ்னைடர் எடுத்த படத்தின் நெஞ்சு. 2017இல் அதை அறுத்தெடுத்துவிட்டு, கணினிகளைத் திறக்கத் தெரிந்த ஒரு பையனாக மட்டும் நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, அவனாக நடித்த ரே ஃபிஷர் 2020இல் வெளிப்படையாகச் சொன்னது. மறுபடப்பிடிப்பில் வீடன் நடிகர்களையும் மற்றவர்களையும் மிக மோசமாக நடத்தினார் என்பது அவருடைய குற்றச்சாட்டு; வீடன் மறுத்தார். அதைப் படித்த பிறகு சில மாதங்கள் இந்தப் படத்தை நான் தொடவில்லை. இன்றும் சைபோர்க் வரும் காட்சிகளில் பழைய குதூகலம் எனக்கு இல்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன்?

பெங்களூரு அல்சூர் சந்தைத் தெருவில் நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வாடகை நூல் கடை இருந்தது. சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ் அங்கேதான் எனக்குக் கிடைத்தது. 1972இல் அவர்கள் வெளியிட்ட முதல் புத்தகமே ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். என்ன கற்பனை! ஆனால் அவன் தனி ஆள். நான் படித்த வீரர்கள் எல்லாருமே ஏறக்குறையத் தனி ஆட்கள். கல்லூரி நாட்களில் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலச் சித்திரக் கதைகளை மலிவாக வாங்க ஆரம்பித்த பிறகுதான் ‘கூட்டம்’ என்ற சங்கதி எனக்குப் பிடிபட்டது. ஜஸ்டிஸ் லீக் 1960இல் பிறந்தது. கார்ட்னர் ஃபாக்ஸ் எழுதினார்; ஏழு பேர் கொண்ட கூட்டம், முதல் கதையில் விண்வெளியிலிருந்து வந்த ஒரு ராட்சத நட்சத்திர மீனோடு சண்டை. ஆம், நட்சத்திர மீன்தான். நோக்கம் வியாபாரம் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஏழு பேரின் வாசகர்களும் ஒரே புத்தகத்தை வாங்குவார்கள் அல்லவா? பிறந்ததே கதம்பம். அதில் ஒரே இழை ஓடவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் ஓரளவுக்கு மேல் நியாயமில்லை.

கதம்பத்தில் வேறு ஒரு சுவை இருக்கிறது. அது நமக்குப் புதிதும் அல்ல. விராட பருவத்தை நினைத்துப்பார். உலகை அசைக்கக்கூடிய ஐந்து பேர். ஒருவன் மடைப்பள்ளியில் கரண்டி பிடிக்கிறான், ஒருவன் பிருகன்னளையாக ஆடல் சொல்லிக்கொடுக்கிறான், ஒருவன் அரசனோடு சூதாடிக்கொண்டிருக்கிறான். கூத்துப் பார்க்கிற கூட்டம் சண்டைக்காகவா விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது? பாஞ்சாலி இரவில் மடைப்பள்ளிக்குப் போய்ச் சமையற்காரனை எழுப்பும் இடத்துக்காக உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொருவர் முறையும் எப்போது வரும், வந்தால் மற்றவர் அவரை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் கூட்டக் கதையின் ருசி. சித்திரைப் பௌர்ணமியில் பாஞ்சாலிக்காக எடுக்கும் தர்மராயர் கோயில் கரகத்துக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேனே, அன்று நீ "இதில் பீமன் யார், அர்ச்சுனன் யார்?" என்று கேட்டு உயிரை எடுத்தாய். அதே ஆசைதான் இது.

2017 படத்தில் இந்த ருசி இருக்கிறது. அங்கங்கே, ஆனால் மெய்யாகவே இருக்கிறது. சுரங்கத்தில் முதல் சண்டைக்கு முன் ஃபிளாஷ் உதறிப்போய் நிற்கிறான். தனக்குச் சண்டை தெரியாது, ஆட்களைத் தள்ளிவிட்டு ஓடியதுதான் பழக்கம் என்கிறான். பேட்மேன் அவனுக்கு வீர வசனம் பேசுவதில்லை. உள்ளே போய் ஒரே ஒருவரைக் காப்பாற்று, பிறகு என்ன செய்வதென்று உனக்கே தெரியும் என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் போகிறார். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நானும் இதையே மாற்றிச் சொல்கிறேன்: முழுப் படத்தை நினைக்காதே, ஒரு ஷாட்டை முடி. கடல் வீரன் அக்வாமேன் தெரியாமல், வொண்டர் உமனின் உண்மை பேசவைக்கும் கயிற்றின்மேல் உட்கார்ந்து, மனதிலுள்ள பயத்தையெல்லாம் கொட்டிவிடுகிற இடமும் அப்படித்தான். விலா நோகச் சிரித்தோம், முந்தின நிமிடம்வரை அவன்மீது இருந்த தூரம் போய்விட்டது.

முந்தைய படத்தில் செத்து, இதில் உயிர்த்தெழுந்த சூப்பர்மேன் நினைவு தவறி எல்லாரையும் அடிக்கும் இடத்தில் ஃபிளாஷ் பின்னால் சுற்றி ஓடுகிறான். உலகமே உறைந்து நிற்கிற வேகம் அது. அப்போது சூப்பர்மேனின் கண்விழி மெல்ல அவன் பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான், ஒரு விழி அசைவு. தியேட்டரில் நீ என் கையைப் பிடித்து நசுக்கினாய், பதினொரு வயது உனக்கு. அந்த இடம் இரண்டு பதிப்பிலும் உண்டு, ஸ்னைடருக்குத்தான் அதற்கான பெருமை. ஆனால் நான் அதை முதலில் பார்த்தது இதில்தான். பின்னணியில் டேனி எல்ஃப்மன், 1978இல் ஜான் வில்லியம்ஸ் போட்ட சூப்பர்மேன் இசையை எடுத்துத் திரித்து, இருட்டாக்கி வாசிக்கிறார். தெரிந்த முகம் தெரியாத முகமாகிவிட்டது என்பதைக் காதுக்குச் சொல்லும் தந்திரம். நீண்ட பதிப்பின் இசை வேறொருவருடையது, அதில் இது கிடையாது.

பாட்டி தமிழில் மொழிமாற்றிய படத்தைத்தான் பார்த்தார், காய் நறுக்கிக்கொண்டே. இந்தச் சண்டையைப் பார்த்துவிட்டு, "செத்த பிள்ளையை மண்ணிலிருந்து எழுப்பினால் அவனுக்கு யாரைத் தெரியும்? வேண்டியவளைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்துங்கள்" என்றார். அடுத்த நிமிடம் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் காரிலிருந்து இறங்கினாள். பேட்மேன் முன்பே யோசித்து அவளை வரவழைத்திருக்கிறார்! நீண்ட பதிப்பில் அவள் தற்செயலாக அங்கே இருக்கிறாள். இந்த ஒரு விஷயத்தில் பாட்டியும் 2017 படமும் ஒரு கட்சி.

இப்போது என் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். கடைசிச் சண்டை நடக்கும் ரஷ்ய ஊரில் ஒரு குடும்பம் வருகிறதே, நீ கேலி செய்வாயே, கதவுக்கு ஆணி அடித்துக்கொண்டு உள்ளே பயந்து கிடக்கும் அந்தக் குடும்பம். மறுபடப்பிடிப்பில் சேர்த்தது. இட்லிக்கு நடுவில் வந்த கல் போல இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், தவறில்லை. நீண்ட பதிப்பில் அவர்கள் இல்லை, அங்கே யாரும் குடியிருப்பதாகவே தெரியவில்லை. உலகைக் காப்பாற்றுகிறார்கள், ஆனால் அந்த இடத்தில் காப்பாற்றுவதற்கு ஓர் ஆள் இல்லை.

2017இல் சூப்பர்மேன் சண்டைக்கு நடுவே வந்து இறங்குகிறார், வில்லனை இரண்டு குத்து விடுகிறார், திடீரென்று தலையைத் திருப்புகிறார். எங்கோ மனிதர்களின் குரல் கேட்டுவிட்டது. ஜெயிக்கிற சண்டையை அப்படியே விட்டுவிட்டுப் பறந்துபோகிறார். ஃபிளாஷ் அந்தக் குடும்பத்தின் வண்டியைத் தள்ளி எல்லைக்கு வெளியே கொண்டுவந்து, சாதித்துவிட்டோம் என்ற பூரிப்பில் பக்கத்தில் பார்க்கிறான். சூப்பர்மேன் ஒரு முழு அடுக்குமாடியையே தூக்கிக்கொண்டு பறக்கிறார். அந்த ஷாட் வேலைப்பாட்டில் சுமார்தான். கட்டடத்தின் எடை கையில் தெரியவே இல்லை. என் குழுவில் ஒருவர் இப்படிக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் என் தொண்டை அடைக்கிறது. 2013இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்தில் இதே சூப்பர்மேன் சண்டை போட்டு ஊரில் பாதி சரிந்ததைப் பார்த்துவிட்டு மனம் கசந்துபோய் வெளியே வந்தவன் நான். அந்த அடுக்குமாடி எனக்கு நான்கு வருடக் கடனை அடைத்தது.

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும், யாரும் இதைப் பாராட்டுவதில்லை. படத் தொடக்கத்தில் பேட்மேன் ஒரு திருடனை மாடி விளிம்பில் தொங்கவிடுகிறார். அவனுடைய பயத்தை மோப்பம் பிடித்துப் பறக்கும் அரக்கன் வருகிறான். கடைசியில் ஸ்டெப்பன்வுல்ஃபே பயந்துபோகிறான். அவன் வளர்த்த அரக்கர்கள் அவன் பயத்தையே மோப்பம் பிடித்து அவன்மேல் விழுகிறார்கள். நீண்ட பதிப்பில் தலையைச் சீவி அனுப்புகிறார்கள், பார்க்கப் பிரமாதம். ஆனால் முதல் காட்சியில் போட்ட முடிச்சைக் கடைசிக் காட்சியில் அவிழ்ப்பது இந்த ஒட்டுப்போட்ட படம்தான்.

நீண்ட பதிப்பை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு, இடையில் தற்கொலைத் தடுப்பு அறக்கட்டளைக்கு நிதியும் திரட்டிக் கொடுத்து, 2021 மார்ச் 18 அன்று 242 நிமிடமாக அது வெளிவந்தது. நான்கு வருடக் காத்திருப்பைப் பெரிதாகப் பேசினார்கள். அல்சூர்க்காரனிடமா? நம் ஏரிப் பக்கத்துத் திருவள்ளுவர் சிலை 1991இல் வைக்கப்பட்டு, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. பதினெட்டு வருடம் மூடிக்கிடந்த ஐயனைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனேன். போகட்டும். சைபோர்க்கின் தகப்பன் இறக்கும் இடமும், ஃபிளாஷ் காலத்தையே பின்னோக்கி ஓட்டும் இடமும், கடைசியில் ஸ்னைடர் தன் மகளின் பெயரைப் போட்டு முடித்திருப்பதும், அதெல்லாம் கும்பிட வேண்டியவை. அதைப் பார்க்க நான் ஒரு நாளை ஒதுக்குகிறேன், விளக்கை அணைக்கிறேன், கைப்பேசியை வேறு அறையில் வைக்கிறேன். 2017 படத்தையோ, நான் முடித்து அனுப்பிய ஷாட் சரியில்லை என்று திரும்பி வந்த நாளில், இரவு ஒன்பதரைக்குச் சட்டையைக்கூட மாற்றாமல் தயிர்சாதத் தட்டோடு உட்கார்ந்து பார்க்கிறேன். பன்னிரண்டு மணிக்குத் தூங்கிவிடலாம். அதுவும் ஒரு காரணம்தான், சிரிக்காதே.

கடைசியாக, பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகு வரும் அந்தச் சின்னக் காட்சி. ஃபிளாஷும் சூப்பர்மேனும் ஓட்டப் பந்தயத்துக்குக் குனிந்து நிற்கிறார்கள். பாய்கிறார்கள், முடிந்தது. யார் ஜெயித்தார் என்று காட்டவில்லை. சித்திரக் கதையில் இவர்கள் முதன்முதலாகப் பந்தயம் ஓடியது 1967இல். அங்கேயும் சமம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று தியேட்டர் வாசலில் நீ ஃபிளாஷ் மேல் நூறு ரூபாய் கட்டினாய், நான் சூப்பர்மேன் மேல். இரண்டு நூறும் பாட்டியிடம்தான் இருக்கிறது; அரிசிப் பானைக்குள் எவர்சில்வர் டப்பாவில் போட்டுவைத்திருக்கிறார், போன மாதம்கூடக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை நீ நான்கு மணி நேரப் பதிப்பைக் கொண்டுவருவதானால் காலையிலேயே வந்துவிடு. பாட்டிக்கு மதியம் தூக்கம் வந்துவிடும்.